பள்ளிக்குள் வந்து போலீஸ் அடித்தது... புகார் கொடுத்தால் மகனின் எதிர்காலம் கெட்டுவிடுமா?

கேள்வி: என் மகன் அரசு உதவி பெறும் பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறான். 16 வயது. போன வாரம் இடைவேளையில், கையில் கட்டியிருந்த கயிற்றின் கலரைப் பற்றிப் பேச்சு வந்து, அவனுக்கும் இன்னொரு பையனுக்கும் சண்டை ஆகிவிட்டது. சட்டை கிழிந்தது, உதட்டில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். எச்.எம். உடனே ஸ்டேஷனுக்கு போன் போட்டுவிட்டார். ஒரு எஸ்.ஐ.யும் இரண்டு காவலர்களும் வந்து, பிரேயர் நடக்கும் இடத்தில் இரண்டு பேரையும் முட்டி போட வைத்து, மற்ற பிள்ளைகள் பார்க்க லத்தியால் தொடையில் அடித்திருக்கிறார்கள். காதோடு சேர்த்து அறைந்ததில் இவனுக்கு இடது காதில் 'ஞொய்' என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறதாம். அப்புறம் வெள்ளைத் தாளில் 'இனி தவறு செய்ய மாட்டேன்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். மறுநாள் நான் போய்க் கேட்டதற்கு எச்.எம்., "உங்க பையன் பேரு போலீஸ் லிஸ்ட்ல ஏறியாச்சு. புகார் அது இதுன்னு போனா எஃப்.ஐ.ஆர். போடுவாங்க, நானும் டி.சி. கொடுத்துடுவேன்" என்றார். என் கணவர், "நாலு அடி வாங்கினாத்தான் திருந்துவான். போலீஸைப் பகைச்சுக்கிட்டு ஊர்ல குடியிருக்க முடியுமா?" என்கிறார். மாமியார் தினமும் அவன் காதில் பூண்டு காய்ச்சிய எண்ணெய் விடுகிறார். பையன் ஸ்கூலுக்குப் போக மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான். நான் என்ன செய்வது? இவனுக்கு அரசு வேலை கிடைக்காமல் போய்விடுமா?

- ஒரு தாய், தென் மாவட்டம்

வழக்கறிஞர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த எண்ணெயை நிறுத்துங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

காதோடு சேர்த்து அறையும்போது உள்ளே போகும் காற்றின் அழுத்தத்தில் செவிப்பறை கிழிந்துவிடலாம். விடாமல் கேட்கும் அந்தச் சத்தம் அதற்கான அறிகுறியாக இருக்கக்கூடும். பெரும்பாலும் சில வாரங்களில் அது தானாக மூடிக்கொள்ளும். ஆனால் அதுவரை உள்ளே எண்ணெயோ தண்ணீரோ போகக் கூடாது, போனால் சீழ் பிடிக்கும். மாமியார் பிரியத்தில்தான் செய்கிறார், அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். தம்பியை நாளை காலையிலேயே அரசுத் தலைமை மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் பார்க்க வேண்டும். ஆடியோகிராம் என்னும் கேட்கும்திறன் சோதனையும் எடுக்க வேண்டும்.

அங்கே போனதும், 'கீழே விழுந்துவிட்டான்' என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள். போலீஸ் பெயரைச் சொன்னால் வம்பு என்று பயந்து, கேஸ் கேஸாகக் குடும்பங்கள் இதைத்தான் சொல்கின்றன. பிறகு எத்தனை சாட்சி இருந்தாலும் அந்த ஒரு வரி எதிரில் வந்து நிற்கும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், யார், எதனால் அடித்தார்கள். மருத்துவர் இதை விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். புத்தகத்தில், எழுத வேண்டும். அதன் நகலைக் கேட்டு வாங்குங்கள். டூட்டி டாக்டர் தயங்கினால், நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்துச் சொல்லுங்கள். மருத்துவமனையிலிருந்து ஸ்டேஷனுக்குத் தகவல் போகும். போகட்டும், அதுவும் ஒரு பதிவுதான்.

தொடையில் விழுந்த அடியையும் காட்டச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பையன் அம்மா முன்னால் கூச்சப்படுவான், நீங்கள் வெளியே நின்றுகொள்ளுங்கள். உருண்டையான தடியால் பலமாக அடித்தால் தோலில் இரண்டு கோடுகள் இணையாகச் சிவந்து, நடுப்பகுதி வெளிறித் தெரியும். தடயவியல் படித்த எந்த மருத்துவரும் அதைப் பார்த்ததும் என்னவென்று சொல்லிவிடுவார். தடுக்கி விழுந்தால் அப்படி ஒரு அடையாளம் வராது. ஒரு வாரம் ஆகியிருப்பதால் நிறம் மாறி மங்கத் தொடங்கியிருக்கும். அதனால்தான் நாளைக்கே போகச் சொல்கிறேன். போவதற்கு முன் அவன் அப்பாவோ மாமாவோ நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து வைக்கட்டும்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் வரும் பெரியவர்கள் எல்லோருமே, எஸ்.ஐ., எச்.எம்., உங்கள் கணவர் உட்பட, ஒரு விஷயத்தைக் கேள்வியே கேட்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு செய்த பையனை நாலு தட்டு தட்ட போலீஸுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதுதான் அது. அப்படி ஓர் அதிகாரம் எந்தச் சட்டத்திலும் கிடையாது.

வாதத்துக்குச் சொல்கிறேன். உங்கள் மகன் சண்டைக்குப் பதிலாக ஒரு பெரிய குற்றமே செய்து, அது 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் வழக்கை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் நிரூபணமும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் குழுமம் என்ன உத்தரவிடலாம் என்பது 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 18-வது பிரிவில் இருக்கிறது. கண்டித்து அனுப்பலாம், கவுன்சலிங் போகச் சொல்லலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோரை அபராதம் கட்டச் சொல்லலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம், மிஞ்சிப் போனால் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பலாம். ஓர் அறை கொடுக்கச் சொல்ல அந்தக் குழுமத்தின் நடுவருக்கே அதிகாரம் இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இருந்தது. 1909-ஆம் ஆண்டின் கசையடிச் சட்டத்தில் சிறுவர்களைப் பிரம்பால் அடிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். சுதந்திரத்துக்குப் பிறகு, 1955-ல் நாடாளுமன்றம் அதை அடியோடு ஒழித்துவிட்டது. நீதிமன்றத்திடமிருந்தே பறிக்கப்பட்ட அதிகாரம், பிரேயர் மைதானத்தில் ஓர் எஸ்.ஐ. கையில் எப்படி இருக்க முடியும்?

இரண்டு மாணவர்கள் கைகலப்பில் இறங்கினால் அது ஒன்று குற்றமாக இருக்கும், இல்லையென்றால் ஒழுங்குப் பிரச்சினையாக இருக்கும். ஒழுங்குப் பிரச்சினை என்றால் போலீஸுக்கு அதில் வேலையே இல்லை. பள்ளியும் பெற்றோரும் பேசித் தீர்க்க வேண்டியது. குற்றம் என்றால் அதற்கென்று ஒரு நடைமுறை இருக்கிறது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் என்று ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது இளைஞர் நீதிச் சட்டத்தின் 107-வது பிரிவு. குழந்தையிடம் பேச வேண்டியவர் அவர்தான், அதுவும் யூனிஃபார்ம் இல்லாமல், சாதாரண உடையில். அந்தச் சட்டத்துக்கான 2016 மாதிரி விதிகளின் 8-வது விதியைப் படித்துப் பாருங்கள்: விலங்கு மாட்டக் கூடாது, பலத்தையோ மிரட்டலையோ பயன்படுத்தக் கூடாது, பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதுதான் விசாரிக்க வேண்டும், எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துக் கேட்கக் கூடாது. உங்கள் மகன் விஷயத்தில் இதில் ஒன்றையாவது பின்பற்றியிருக்கிறார்களா என்று நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆக, எந்த வழியில் போனாலும் லத்திக்கு இடமில்லை. அடித்தது காயம் விளைவித்த குற்றம், ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 115(2). கேட்கும்திறன் நிரந்தரமாகப் போயிருந்தால் அது கொடுங்காயமாகவே மாறிவிடும், தண்டனையும் பல மடங்கு கூடும். ஆடியோகிராம் வேண்டும் என்று சொன்னதற்கு இது இன்னொரு காரணம்.

எச்.எம். 'நான் அடிக்கவில்லையே' என்று சொல்வார். இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவை அவருக்கு யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை அடித்தால் குற்றம். பிறரைக் கொண்டு அடிக்க வைத்தாலும் அதே குற்றம்தான். மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சண்டையை விலக்க போலீஸைக் கூப்பிட்டதற்காக நான் அவரைக் குறை சொல்லவில்லை. கண்ணெதிரே பிள்ளைகளை முட்டி போட வைத்து அடிக்கும்போது, 'நிறுத்துங்க சார், இவங்க என் ஸ்டூடண்ட்ஸ்' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருக்க வேண்டும். காலையில் பள்ளி கேட்டைத் தாண்டியதிலிருந்து உங்கள் மகன் அவர் பொறுப்பு.

இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுப் பலரும் கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு என்று புகாரில் எழுதிவிடுகிறார்கள். மாணவரை உடலாலும் மனதாலும் துன்புறுத்தக் கூடாது என்பது அது. ஆனால் அந்தச் சட்டம் 14 வயது வரைக்கும்தான். உங்கள் மகனுக்கு அதை எழுதினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதல் நாளே பிடித்துக்கொள்வார். அதேபோல இளைஞர் நீதிச் சட்டத்தின் 82-வது பிரிவு என்றும் யாராவது சொல்வார்கள், அது குழந்தைகள் இல்லங்களுக்கானது. நீங்கள் எழுத வேண்டியது 75-ஐத்தான். கூடவே, தமிழ்நாட்டுக் கல்வி விதிகளில் 2003-லேயே மாணவர்களை அடிக்கத் தடை வந்துவிட்டதைச் சொல்லலாம். தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் கண்டிப்பாக நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

எச்.எம்.களின் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. சாதி அடையாளமாகக் கையில் கட்டும் கயிறு விஷயம் என்றாலே அந்தப் பக்கம் எல்லோருக்கும் அடிவயிறு கலங்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு எந்தத் தலைமையாசிரியரும் 'சின்னப் பசங்க சண்டை' என்று அலட்சியமாக விட முடியாது. ஆனால் நாங்குநேரிக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில், பள்ளிகளுக்கு நல அலுவலர்கள் வேண்டும் என்றுதான் பரிந்துரைத்தது. மாணவர்களிடம் உட்கார்ந்து பேச ஆள் இல்லை என்பதுதான் நம் பள்ளிகளின் பெரிய குறை. அந்த இடத்துக்கு லத்தியைக் கொண்டுவந்தால் சாதிச் சண்டை தீராது. பையன்கள் கயிற்றைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள், பள்ளிக்கு வெளியே போய்க் கட்டிக்கொள்வார்கள்.

பள்ளிக்குள் போலீஸே வரக் கூடாது என்றும் நான் சொல்ல மாட்டேன். கேரளத்தில் 2010-ல் தொடங்கிய மாணவர் காவல் படை, சென்னையில் 2022-ல் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய சிற்பி திட்டம் போன்றவற்றில் காவலர்கள் பிள்ளைகளோடு பழகுகிறார்கள். பாலியல் தொல்லை பற்றிப் பேச வரும் பெண் காவலரிடம் பல சிறுமிகள் மனம் திறக்கிறார்கள். அதெல்லாம் வரட்டும். வகுப்பில் அமைதி காப்பதைப் போலீஸ் வேலையாக மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா உதாரணம். அங்கே பல பள்ளிகளில் காவலர்களே நிரந்தரமாக இருப்பார்கள். 2015 அக்டோபரில் தென் கரோலினா மாநிலத்தின் ஸ்பிரிங் வேலி உயர்நிலைப் பள்ளியில், வகுப்பை விட்டு வெளியே போக மறுத்த ஒரு மாணவியைக் காவலர் ஒருவர் நாற்காலியோடு கவிழ்த்து, தரையில் இழுத்துத் தள்ளினார். கூடப் படித்தவர்கள் எடுத்த வீடியோ உலகம் முழுக்கப் போனது. இரண்டே நாளில் அவர் வேலை போனது. 'பள்ளிக்கு இடையூறு' என்ற பெயரில் மாணவர்களை இஷ்டத்துக்குக் கைது செய்ய உதவிய அந்த மாநிலச் சட்டத்தையே 2018-ல் திருத்தினார்கள்.

உங்கள் கணவரைப் பற்றி. அவரை வில்லனாகப் பார்க்காதீர்கள். 'கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்' என்று வாத்தியாரிடம் சொல்லிவிட்டு வந்த அப்பாக்களின் பிள்ளைகளாக வளர்ந்தவர்கள்தான் நம் தலைமுறையில் பாதிப் பேர். அடி வாங்கியும் நன்றாக வந்தோம் என்பதை, அடி வாங்கியதால்தான் நன்றாக வந்தோம் என்று மாற்றிச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அவர் பேச்சில் இன்னொன்றும் இருக்கிறது, பயம். 2020-ல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் ஸ்டேஷனுக்குப் போய் உயிரோடு திரும்பாததைப் பார்த்த மாவட்டங்களில் அந்தப் பயத்தை அர்த்தமில்லாதது என்று யாரும் சொல்ல முடியாது. அந்தப் பயம் நியாயமானது என்று அவரிடம் ஒத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு, 'நம் பையனுக்குக் காது கேட்காமல் போனால் யார் பொறுப்பு?' என்று கேளுங்கள். திருந்துவதற்காக வாங்கிய அடி என்றால் அவன் ஏன் ஒரு வாரமாகச் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறான் என்றும் கேளுங்கள்.

வேலை பற்றிய உங்கள் பயத்துக்கு வருகிறேன். 'போலீஸ் லிஸ்ட்' என்று எச்.எம். சொன்னது வெறும் மிரட்டல். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்மீது, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்த குற்றமாகவோ இருந்தால் ஒழிய, எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று அதே 8-வது விதி சொல்கிறது. இடைவேளைச் சண்டை கொடுங்குற்றம் ஆகாது. மிஞ்சிப் போனால் பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு எழுதி, குழுமத்துக்கு அனுப்புவார்கள். சிறு குற்றம் என்றால் குழுமம் நான்கு மாதத்தில் முடிக்க வேண்டும். இரண்டு மாதம் நீட்டிக்கலாம், அதற்குள்ளும் முடியாவிட்டால் விசாரணை தானாகவே கைவிடப்படும். முடிந்த பிறகும் அவனுக்குத் தண்டனை பெற்றவன் என்ற தகுதியிழப்பு எதுவும் வராது, இளைஞர் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு அதைப் பார்த்துக்கொள்கிறது. நன்னடத்தைச் சான்றுக்காகக்கூடக் குழந்தையின் பதிவுகளைப் போலீஸ் வெளியிடக் கூடாது என்று 74-வது பிரிவில் எழுதியிருக்கிறது. உங்கள் பெயர், ஊர், பள்ளி எதையும் இங்கே வெளியிடாததும் அதே பிரிவுக்காகத்தான்.

அந்த வெள்ளைத் தாள்? அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை. போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்பது பெரியவர்களுக்கே உள்ள விதி. ஆனாலும் அதை அப்படியே விட்டுவிடாதீர்கள். உங்களுக்குத் தெரியாமல், அடித்து மிரட்டி எழுதி வாங்கியது என்பதைப் புகாரில் ஒரு வரி தவறாமல் எழுதுங்கள். டி.சி. விஷயத்தில் எட்டாம் வகுப்பு வரை உள்ள பாதுகாப்பு பிளஸ் ஒன்னுக்கு நேரடியாக இல்லைதான். அதற்காக, விசாரணை இல்லாமல், பெற்றோர் கேட்காமல், நடு ஆண்டில் பழிவாங்குவதற்காக டி.சி. கொடுக்க முடியாது. நீங்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். எச்.எம். மறுபடியும் அந்தப் பேச்சை எடுத்தால், 'எழுத்தில் கொடுங்க சார், சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ஆபீஸில் காட்டுகிறேன்' என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எழுத்தில் தர மாட்டார்.

புகாரை அந்த ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டாம். மாவட்ட எஸ்.பி.க்கு, ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். நகல்களை மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலருக்கும், முதன்மைக் கல்வி அலுவலருக்கும், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் அனுப்புங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். திட்டாதீர்கள், என்ன நடந்ததோ அதை நேர வரிசையில் எழுதுங்கள். ஏ.ஆர். நகலை இணையுங்கள். பள்ளியில் சிசிடிவி இருந்தால், அன்றைய பதிவை அழிக்காமல் பாதுகாக்க வேண்டும் என்று எச்.எம்.முக்குத் தனியாக ஒரு கடிதம் இன்றைக்கே போக வேண்டும். பழைய பதிவுகள் நாளாவட்டத்தில் தானாக அழிந்துவிடும், 'கேட்கவே இல்லையே' என்று அவர் சொல்ல இடம் தரக் கூடாது.

மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதுங்கள். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. சம்பவம் நடந்து ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பது மட்டும் முக்கியம். ஆணையம் பரிந்துரை மட்டும்தானே செய்யும் என்று முன்பு அலட்சியமாகப் பேசுவார்கள். அந்தப் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. இழப்பீட்டை அரசு கொடுத்துவிட்டு, சம்பந்தப்பட்ட காவலரின் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி உத்தரவாவதும் உண்டு. கிரிமினல் கேஸாகவே போக வேண்டும் என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். ஆனால் அரசு ஊழியர்மேல் வழக்கு என்பதால் மேலதிகாரியிடம் அறிக்கை கேட்பது, முன் அனுமதி என்று இழுக்கும். அதற்கு ஒரு வக்கீல் வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள்.

ஸ்டேஷனிலிருந்து 'வந்துட்டுப் போங்க' என்று போன் வரலாம். சாட்சியாக விசாரிப்பதற்குப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, வீட்டில் வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். என்னும் குற்ற நடைமுறைச் சட்டத்தின் 179-வது பிரிவு சொல்கிறது. தம்பியைத் தனியாக எங்கும் அனுப்பாதீர்கள். அவசரம் என்றால் 1098 குழந்தைகள் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். தம்பி என்ன சொல்கிறான்? உங்கள் கடிதத்தில் எல்லோர் பேச்சும் இருக்கிறது, அவன் பேச்சு மட்டும் இல்லை. வழக்கு நடந்தால் திரும்பத் திரும்ப அதைச் சொல்ல வேண்டியவன் அவன்தான். அவனை உட்கார வைத்துக் குறுக்கு விசாரணை செய்யாதீர்கள். அவனே ஒரு நோட்டில் எழுதட்டும், ஒரு தடவை போதும், தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த பிள்ளைகளில் பலருக்கு அடியின் வலி சீக்கிரம் போய்விட்டது. கூடப் படிக்கும் பெண் பிள்ளைகள் பார்க்க முட்டி போட்டு நின்றதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. அவனுக்கு வேண்டியது அந்த எஸ்.ஐ. மேல் கேஸாக இருக்கலாம். இல்லை, அதே மைதானத்தில் எச்.எம். வந்து 'நடந்தது தப்பு' என்று சொல்வதாக இருக்கலாம். எதுவும் வேண்டாம், வேறு செக்ஷன் மாற்றிக் கொடுத்தால் போதும் என்றுகூட இருக்கலாம். ஊர்ப் பெரியவர்களோ பி.டி.ஏ. தலைவரோ சமாதானம் பேச வருவார்கள், வந்தே தீருவார்கள். அப்போது அவன் கேட்டதை மேசையில் வையுங்கள். பேசி முடித்தாலும் எழுத்தில் வாங்குங்கள். அதற்காக மனித உரிமை ஆணையத்துக்கான ஓராண்டைத் தவற விடாதீர்கள். இன்னும் பத்து நாளுக்கு மேல் அவன் படுக்கையிலேயே கிடந்தால், தூக்கம் கெட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், 14416-க்கு போன் செய்யுங்கள். அரசின் இலவச மனநல ஆலோசனை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாக, அந்த இன்னொரு பையன். அவனும் அதே இடத்தில் முட்டி போட்டான், அதே லத்தியில் அடி வாங்கினான். அவன் வீட்டிலும் ஓர் அம்மா உங்களைப் போலவே தூங்காமல் இருப்பார். நீங்கள் எந்தச் சாதி, அவர்கள் எந்தச் சாதி என்று நீங்கள் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளையைக் காவலர்கள் சாதி சொல்லித் திட்டியிருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேரும், அதை மட்டும் வக்கீலிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மற்றபடி, நீங்கள் தனியாகப் போனால் 'இந்தக் கோஷ்டிப் பையன்தான் சண்டையை ஆரம்பிச்சான்' என்று கதையை எளிதாகத் திருப்பிவிடுவார்கள். இரண்டு அம்மாக்களும் ஒரே புகாரில் கையெழுத்துப் போட்டால் அந்தக் கதை நிற்காது. பிள்ளைகள் யார் முதலில் கை வைத்தார்கள் என்ற பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு, புகாரைத் தபாலில் சேர்க்கும் முன் அந்த வீட்டுக்கு ஒரு தடவை போய்வாருங்கள். அந்தப் பையனுக்கும் ஏ.ஆர். போடச் சொல்லுங்கள்.